ரேகை தெரிகிற வெளிச்சம்

மாலை நாலு மணிக்குள் பதினேழு பேர் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, அக்காவைக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். விரதமிருந்து உயிரை விடப் போகிறவரைப் பார்த்தாலே புண்ணியம் என்று வந்தவர்கள். அக்கா உயிரை விட நினைத்தாரா இல்லையா என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. என்னைத் தின்றுகொண்டிருந்தது அதுதான்.

அக்கா என்றால் என் கணவர் ஜிதேந்திரனின் அக்கா. பெயர் சாந்திமதி, வயது அறுபத்தொன்று. திண்டிவனத்தில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கி, என்னைக் கட்டிவைத்து, அதற்குப் பிறகும் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர். இந்த இருபது வருடத்தில் நானும் அவரும் சண்டை போடாத விஷயம் என்று எதுவும் பாக்கியில்லை. ரசத்துக்குப் புளி முதல் டி.வி. சத்தம் வரை எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறோம். "ஸ்ரீநிதி, உனக்கு வாய் காது வரைக்கும் நீளுது" என்பார். "உங்களுக்குத் தலைக்கு மேல நீளுதுக்கா" என்பேன். ஆனால் அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

போன மாதம் பக்கவாதம் வந்து குளியலறையில் விழுந்தார். விழுந்ததில் இடுப்பெலும்பும் முறிந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் வைத்திருந்தோம். இடுப்பில் பிளேட் வைத்தார்கள். மூக்கில் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். அந்தக் குழாயை இடது கையால் இரண்டு தடவை பிடுங்கி எறிந்தார். இரண்டாவது தடவை மூக்கிலிருந்து ரத்தம் வந்துவிட்டது. என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே உனக்குக் கொழா போட விடமாட்டேன்க்கா, சத்தியம்" என்று அழுதார். அப்புறம் கரண்டியால் ஊட்டிப் பார்த்தோம். கடைசி இரண்டு நாளும் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தபடி நன்றாக விழுங்கினார். அதை நம்பித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டிலேயே நல்ல அறையை அவருக்குக் கொடுத்தோம். நடு அறை, எங்கள் அறை. ஒட்டியே பாத்ரூம், ஏ.சி., பெரிய தேக்குக் கட்டில். பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் மூன்று மாடிக் குடோன் எழுப்பி எங்கள் ஒரே ஜன்னலை அடைத்த பிறகு அந்த அறை குகையாகக் கிடந்தது. போன வருடம்தான் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதில் வட்ட வட்டமாகப் பன்னிரண்டு எல்.ஈ.டி. விளக்கு வைத்தோம். ஒரு சுவிட்சைத் தட்டினால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். யூடியூபில் ஒரு மாதம் பார்த்து, கணவரை நச்சரித்து, அதைப் போட வைத்தவள் நான். வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து சுவிட்சைத் தட்டிக் காட்டியிருக்கிறேன். அக்காவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஓட்டுக்கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் இருந்தன. "அதையும் மூடிட்டு, பட்டப்பகல்ல லைட்டு போட்டுக்கினு ஒக்காரணுமா?" என்றார். நான் எழுந்து போய்விட்டேன்.

அந்த அறைக்கு வந்ததிலிருந்து அக்கா வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார். இன்று புதன். கரண்டியைக் கொண்டுபோனால் இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே விரித்துப் பிடிப்பார். அப்புறம் கண்ணை உயர்த்திக் கூரையைப் பார்ப்பார். அப்புறம் கையைத் தொப்பென்று போட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கஞ்சிக்கும் இதுதான், தண்ணீருக்கும் இதுதான். "பசிக்குதாக்கா?" என்று கேட்டால் தலையாட்டுவார். "பசிக்கலையாக்கா?" என்று கேட்டாலும் தலையாட்டுவார். இந்த நோயில் ஆமாம், இல்லை இரண்டும் குழம்பிப் போகும், தலையாட்டுவதை நம்ப முடியாது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள்.

தெருமுனை டாக்டரம்மா நேற்று ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏற்றினார். இன்று மத்தியானம் வந்தபோது ஊசி இறங்க நரம்பே கிடைக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "கிட்னி படுத்துடும்மா. இன்னிக்குப் பொழுது போறதுக்குள்ள வாயில தண்ணி எறங்கிச்சுன்னா நான் இங்கியே வெச்சு பாத்துக்கறேன். எறங்கலன்னா விழுப்புரத்துக்குத் தூக்கிக்கினு போய் கொழா போட்டுத்தான் ஆவணும். நாளைக்கின்னு நெனைக்காதீங்க."

கணவரிடம் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி, "சத்தியம் பண்ணிட்டேனே ஸ்ரீநிதி" என்றார். அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சுமதிகுமார் மாமா.

சுமதிகுமார் மாமா என் கணவரின் பெரியப்பா மகன். அரிசி மண்டி வைத்திருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பொய் பேசுவதில்லை என்று இருபத்தைந்து வயதில் விரதம் எடுத்துக்கொண்டவர். வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னதற்காக மகளிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்தவர். மண்டியில் வியாபாரிகள் தராசைப் பார்க்க மாட்டார்கள், இவர் வாயைத்தான் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் அக்காவைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், இது சல்லேகனை என்று.

எங்கள் சமணர்களில் அப்படி ஒரு விரதம் உண்டு. உடம்பு இனித் தேறாது என்று தெரிந்தபின் சோற்றையும் நீரையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அமைதியாக உயிரை விடுவது. லட்சத்தில் ஒருவருக்கு வாய்க்கும் என்பார்கள். வீட்டுக்கே பெருமை. ஆனால் அதை முழு நினைவோடு, தன் வாயால் கேட்டு, குருவிடம் சம்மதம் வாங்கித்தான் எடுக்க வேண்டும்.

"வாயே பேச முடியாதவங்க எப்ப மாமா கேட்டாங்க?" என்று திங்கட்கிழமையே கேட்டேன்.

"கை காட்டி வேணாங்குதில்ல? கண்ணு மேல போவுதில்ல? இதுக்கு மேல இன்னாம்மா சொல்லணும்? போன வருசம் எங்கிட்டயே சொல்லிச்சு. 'நான் விழுந்துட்டா என்ன இழுத்துக்கினு இருக்காதீங்க'ன்னு. அது மனசு எனக்குத் தெரியும்."

அக்கா அதைச் சொன்னது நிஜம். நானும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் என் வாயும் கட்டிப்போனது. ஒருவேளை மாமா சொல்வதுதான் சரியென்றால், நான் கரண்டியை நீட்டுவதே பாவம். வியாழக்கிழமை காலை ஒரு சுவாமியை அழைத்துவந்து முறைப்படி விரதம் கொடுக்க மாமா ஏற்பாடு செய்திருந்தார். செய்தி செஞ்சி வரைக்கும் போய்விட்டது. ஆட்கள் வந்தார்கள், கட்டில் ஓரம் நின்று கும்பிட்டார்கள். அக்கா கையைத் தூக்கி விரித்தால் ஆசீர்வாதம் என்று குனிந்துகொண்டார்கள்.

நாலரை மணிக்குக் கரண்ட் போனது.

மார்கழி மாதம், வெளியே மேகம் கவிந்த நாள். இன்வெர்ட்டர் பேட்டரி செத்து ஒரு மாதமாகிறது. பன்னிரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்ததும் நடு அறை கும்மிருட்டானது. உள்ளே நானும், அப்போதுதான் வந்த இரண்டு பெண்களும் நின்றுகொண்டிருந்தோம். என் கண் பழகச் சற்று நேரமாயிற்று. கதவில் தொங்கிய திரைக்கும் நிலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதன் வழியே கூடத்து வெளிச்சம் கோடு போட்டதுபோல் கட்டில் விளிம்பில் விழுந்திருந்தது.

அக்காவின் கை அசைந்தது. யாரையும் ஆசீர்வதிக்கவில்லை. இருட்டில் யாரைப் போய் ஆசீர்வதிப்பார்? அந்தக் கோட்டைத் தேடிப் போனது கை. தோளை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க, உள்ளங்கையைக் கொண்டுபோய் அந்த வெளிச்சத்தில் விரித்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கை நடுங்கியது, ஆனாலும் எடுக்கவில்லை.

வந்திருந்த பெண்களில் ஒருத்தி செல்போன் டார்ச்சைப் போட்டாள். வெள்ளை வெளிச்சம் அறை முழுக்கப் பரவியது. அக்கா சட்டென்று கையைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.

இருபது வருடமாக நான் பார்த்த காட்சி அது. தினமும் விடிகாலையில் அக்கா தோட்டத்துக் கதவைத் திறந்து, படியில் நின்று, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். ரேகை தெரிந்த பிறகுதான் பல்லில் தண்ணீர் படும். சாயங்காலமும் அதே படி, அதே கை. ரேகை மங்கினால் அன்றைய சாப்பாடு முடிந்தது. பூச்சி பொட்டு தெரியாமல் விழுந்து ஒரு உயிர் போய்விடக் கூடாதே என்று எங்களில் பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர்கள் நிறையப் பேர். அக்கா இன்னும் ஒரு படி மேலே. விளக்கு வெளிச்சத்தில் வாய் திறக்க மாட்டார். மேகமூட்டமான நாளில் தட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் படிக்குப் போவார். "ராத்திரி எட்டு மணிக்கு பரோட்டா துன்றவளுக்கு இதெல்லாம் புரியாது" என்று என்னைக் குத்துவார். எனக்குப் புரியவில்லைதான். விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

இப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் குழாயைப் பிடுங்கிய இரண்டு தடவையும் ராத்திரி ஒன்பது மணிக் கஞ்சிக்கு. ஜன்னலோரத்தில் நன்றாகச் சாப்பிட்டார். ஜன்னல் இல்லாத என் கல்யாண மண்டபத்தில் மூன்று நாளாக அவருக்கு விடியவே இல்லை. விளக்கைப் போட்டால் விளக்கு, அணைத்தால் ராத்திரி. கூரையைப் பார்த்தது சொர்க்கத்தை இல்லை, அங்கே முன்பு இருந்த கண்ணாடி ஓடுகளை. விடிந்துவிட்டதா என்று எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கூடத்துக்கு ஓடிவந்து கணவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். "வெளிச்சம் வேணும்ங்க அக்காவுக்கு. பகல் வெளிச்சம். தோட்டத்துக்குத் தூக்கிக்கினு போலாம், ஜல்தி வாங்க."

"தூக்கறதா?" என்று எழுந்தார் மாமா. "இடுப்ப அசைச்சா பிளேட்டு நகந்துடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ஸ்ட்ரெச்சர் இல்லாம எப்படித் தூக்குவ? ஆம்புலன்ஸ்லேர்ந்து எறக்கும்போது சாந்தி வலியில போட்ட சத்தத்த நீயும் கேட்டியே. போற நேரத்துல அத இம்ச பண்ணாதம்மா."

அந்தச் சத்தம் என் காதிலும் இன்னும் இருந்தது. தேக்குக் கட்டிலோடு தூக்கினால் நிலைப்படியில் நுழையாது. திரையை விலக்கிப் பார்த்தேன். கூடமே மேகத்தில் இன்னும் மங்கிக் கிடந்தது, சற்று முன் கட்டில் விளிம்பில் விழுந்த கோடுகூட இப்போது இல்லை. கணவரின் செல்போனைப் பிடுங்கிப் பார்த்தேன். மணி நாலு ஐம்பது. சூரிய அஸ்தமனம் ஐந்து நாற்பத்தேழு என்று போட்டிருந்தது.

நேரே கொல்லைக்குப் போனேன். தென்னைக்குப் பள்ளம் எடுக்கிற கடப்பாரையை எடுத்து வந்தேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். டைனிங் டேபிளை நடு அறைக்குள் இழுத்தேன். அது தரையில் கிரீச்சிட்டதில் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"இன்னா பண்ணப்போற?" என்று கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சீலிங்க ஒடைக்கப் போறேன்."

"ஏய், பைத்தியமா உனக்கு? அக்கா மேல விழும்!"

"அதான் உங்கள கூப்புடறேன். கொடைய எடுத்துக்கினு வந்து அக்கா மூஞ்சிக்கு மேல பிடிங்க."

மாமா உள்ளே வந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்று உயர்ந்தது. "வேணாம்மா! ஒரு வருசமா மூடிக் கெடக்குது. மேல பல்லி, பூச்சி, எலிக்குஞ்சுன்னு எத்தினி ஜீவன் இருக்குதோ! ஒரு புண்ணிய ஆத்மா படுத்திருக்கிற எடத்துல போய் இம்சையா?"

"கீழ ஒரு ஜீவன் இருக்குது மாமா."

"அது தெரிஞ்சுதான் விட்டிருக்குது. நீ சொல்றது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா சீலிங் போச்சு" என்றேன். "நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

உண்மையைச் சொன்னால் நான் நினைத்தது சரிதான் என்ற உறுதி எனக்கே முழுசாக இல்லை. கணவரிடம் மட்டும் மெதுவாகக் கேட்டேன். "கொழாய எப்பங்க பிடுங்கினாங்க? ரெண்டு தடவையும் எப்ப?"

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். உதடு அசைந்தது. "ராத்திரி" என்றார். பிறகு என் மணிக்கட்டை விட்டுவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த பெரிய கறுப்புக் குடையை எடுத்து விரித்து, கட்டிலில் ஏறி அக்காவின் தலைமாட்டில் மண்டியிட்டார்.

டேபிளில் ஏறிக் கடப்பாரையால் முதல் குத்து குத்தினேன். ஆசை ஆசையாகப் போட்ட சீலிங். பூ டிசைன் நடுவில் நங்கென்று ஓட்டை விழுந்தது. இரண்டாவது குத்துக்கு ஒரு பலகை பாதி தொங்கியது. மூன்றாவதுக்கு வெள்ளைப் புழுதியோடு கீழே சரிந்து குடை மேல் மோதித் தரையில் உடைந்தது. விளக்குகள் ஒயரில் தொங்கின. நான் இருமிக்கொண்டே இடித்தேன். பின்னால் யாரோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். குடைக்கு அடியில் கணவர், "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

புழுதி அடங்கியதும் நிமிர்ந்து பார்த்தேன். மேலே ஒரே இருட்டு.

கண்ணாடி ஓடு இருக்க வேண்டிய இடத்தில் தகரம். அப்போதுதான் நினைவு வந்தது. ஏ.சி. குளிர் போகக் கூடாது என்று கண்ணாடி ஓட்டுக்கு மேலே தகரம் வைத்து, சுற்றிலும் சிமெண்ட் பூசி அடைத்தோம். அதுவும் என் யோசனைதான். டேபிள் மேல் நின்றபடியே என்னை நானே திட்டிக்கொண்டேன். மணி ஐந்து பதினைந்து.

"போதும்மா" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை, இரக்கத்தோடு சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

அந்தத் தகரத்தை வைத்தது கொத்தனார் சவுரிராயன். எங்கள் ஓட்டில் எது ஒழுகினாலும் அவர்தான் வருவார். போன் செய்தேன்.

"சவுரி அண்ணே, எங்க இருக்கீங்க?"

"மேம்பாலத்தாண்ட டீ குடிச்சிக்கினு இருக்கேம்மா. இன்னா விசயம்?"

"டீய அப்பிடியே வெச்சிட்டு வாங்க. நடு ரூமு ஓட்டப் பிரிக்கணும்."

"எப்ப, நாளைக்கா?"

"இப்ப. பொழுது சாயறதுக்குள்ள. அக்கா உசுரு போற விசயம்ண்ணே."

எதற்கு, ஏன் என்று அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பதினைந்து நிமிடத்தில் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. அந்தப் பதினைந்து நிமிடமும் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், சமையலறையில் வெந்நீரைத் துணியில் வடிகட்டி ஆற்றினேன். கேப்பை மாவைக் கரைத்துக் காய்ச்சினேன். அடிப்பிடித்தது. கீழே ஊற்றிவிட்டு மறுபடி காய்ச்சினேன். வடிகட்டாத தண்ணீரை அக்கா தொடமாட்டார் என்பதைக்கூட மறக்காத நான், இதை எப்படி மூன்று நாள் மறந்தேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

சவுரிராயன் கொல்லைச் சுவர் வழியாகக் கூரையில் ஏறினார். ஓடு மேல் அவர் நடக்கும் சத்தம் தலைக்கு மேலே வந்து நின்றது. "எம்மா, இத சிமெண்ட்ட போட்டு இறுக்கியிருக்கேன்ம்மா. பேத்தெடுக்க ஒரு மணி நேரம் ஆவும்."

"கண்ணாடி கெடக்கட்டும்ணே. பக்கத்துல இருக்கிற ஓட்டையே எடுங்க!"

ஒரு ஓடு நகர்ந்தது. ஒரு சாண் வானம் தெரிந்தது. இன்னொரு ஓடு. இன்னொன்று. மூன்று நாளாக இல்லாத ஒரு சாம்பல் வெளிச்சம், தொங்கிய ஒயர்களுக்கு நடுவே இறங்கிக் கட்டில் மேல் விழுந்தது. மணி ஐந்து முப்பத்தாறு. கணவர் குடையை மடக்கினார்.

அக்கா கண்ணை மூடியிருந்தார். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. செத்துவிட்டாரோ என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். "அக்கா" என்றேன். "அக்கா, பகலாயிருக்குது. பாருங்க."

கண் திறந்தது. வெகுநேரம் மேலே பார்த்தார். இடது கை மெல்ல எழுந்து, முகத்துக்கு நேரே வந்து, விரிந்தது. பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கை கீழே விழுந்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பார்த்தியாம்மா?" என்றார் மாமா பின்னாலிருந்து.

நான் ஊட்டும் ஆசையில் கட்டிக்கொண்ட கதைதானா இது? அப்போதுதான் என் கையை விரித்துப் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் என் கண்ணுக்கே ரேகை சரியாகத் தெரியவில்லை. அக்கா மூக்குக்கண்ணாடி போடாமல் எப்படிப் பார்ப்பார்? ஆஸ்பத்திரிப் பையைக் கவிழ்த்துக் கண்ணாடியைத் தேடி எடுத்து அவர் மூக்கில் மாட்டினேன். "சவுரி அண்ணே, இன்னும் எடுங்க! அத்தினியும் எடுங்க!"

"மழ வந்தா ரூமே போச்சும்மா!"

"போவட்டும்!"

மேலே ஓடுகள் மடமடவென்று நகர்ந்தன. நாலு, ஆறு, பத்து. ஒரு பாய் அகலத்துக்கு வானம் திறந்தது. குடோன் சுவருக்கு மேலே மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. அதன் விளிம்பில் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் நேராகக் கட்டிலில் விழுந்தது. ஐந்து நாற்பத்தொன்று.

அக்கா மறுபடியும் கையைத் தூக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் உள்ளங்கையில் ஓடுவதைப் பார்த்தேன், பரீட்சைத் தாள் திருத்துகிற அதே பார்வை. பிறகு என்னைப் பார்த்தார். என்னை நன்றாகத் திட்டுகிற மாதிரி ஒரு பார்வை. வாயைத் திறந்தார்.

என் கையில் கரண்டி நிற்கவில்லை. கணவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் கரண்டி தண்ணீர் பாதி வழிந்தது, பாதி இறங்கியது. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக் கணவர் விம்மினார். இரண்டாவது வழியவில்லை. மூன்று, நாலு. கஞ்சி ஒரு கரண்டி. இன்னும் ஒன்று. வாய் தானாகத் திறந்து திறந்து காத்திருந்தது. மூன்று நாள் பசியை, மூன்று நாள் தாகத்தை அந்த வாயில் பார்த்தேன். எனக்கு அழக்கூட நேரமில்லை.

ஏழாவது கரண்டியை நீட்டும்போது மஞ்சள் போய்விட்டது. மேகம் மூடிக்கொண்டது. அக்கா கையைத் தூக்கி விரித்தார். கண்ணைச் சுருக்கினார். கையைப் போட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார்.

டம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே இருந்தது. கிண்ணத்தில் கஞ்சி அப்படியே இருந்தது. ஆறு கரண்டி போதுமா? டாக்டரம்மா என்ன சொல்வார்? மறுநாள் விடிய இன்னும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. "அக்கா, இன்னும் ரெண்டே வாய்க்கா" என்று கெஞ்சினேன். வாய் திறக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். இனி நான் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

அப்போது வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு சுமதிகுமார் மாமா உள்ளே வந்தார். உடைந்த பலகைகளை மிதித்துக்கொண்டு வந்து கட்டிலுக்கு அருகே நின்றார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் வெள்ளைப் புழுதி படிந்திருந்தது. மூன்று நாளாகக் கும்பிட ஆள் கூட்டி வந்த மனிதர். நேரம் தாண்டிவிட்டது, விடு என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, நான் பதிலுக்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவர் குனிந்து, தன் வலது உள்ளங்கையை அக்காவின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"எனக்கு இன்னும் ரேக தெரியுது சாந்தி" என்றார். "நல்லாத் தெரியுது. பாரு."

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன், என் கண்ணில் கோளாறு கிடையாது. மூட்டை தூக்கித் தேய்ந்த அந்தக் கையில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தார். கையிலிருந்து மெதுவாகக் கண்ணை உயர்த்தி, மாமாவின் முகத்தைப் பார்த்தார். கணக்கு டீச்சர். தப்பான விடையைக் காட்டி அவரை ஏமாற்றி இதுவரை யாரும் மார்க் வாங்கிக்கொண்டு போனதில்லை.

வாயைத் திறந்தார்.

டம்ளர் காலியாகிற வரைக்கும் மாமா அந்தக் கையை எடுக்கவில்லை.